துலிப் தோட்டத்துத் துப்பாக்கி

கேள்வி: மனிதனைப் பிடிக்கவே பொறி வைத்தார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சீமான்களின் வேட்டைக் காடுகளில். எலிப்பொறிக்குப் பெரியண்ணன். இரும்புத் தாடை, வரிசையாய்ப் பற்கள், நடுவே மிதித்தட்டு, மேலே சருகு. பல் வைக்காத ரகத்துக்கு 'மனிதாபிமானப் பொறி' என்று பெயர். பல்தான் இல்லை, பிடி இருந்தது!

கேள்வி: ஒரு முயலுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

பதில்: முயல் சாமானியனுடையது அல்லவே! 1671 சட்டப்படி, வேட்டையாட ஆண்டுக்கு 100 பவுண்டு நில வருமானம் வேண்டும், அல்லது பெரிய வீட்டில் பிறந்திருக்க வேண்டும். 1816இல் இன்னொரு சட்டம்: திருட்டு வேட்டைக்கு இரவில் வலையோடு போய்ப் பிடிபட்டால் 7 ஆண்டு நாடு கடத்தலாம். பசித்தவனுக்குக் கப்பல் டிக்கெட் இலவசம்.

கேள்வி: பொறி போக, துப்பாக்கியும் வைத்தார்களாமே, அது தானாகச் சுடுமா?

பதில்: புதருக்குள் தாழ்வாக, சுழலும் அச்சில் பொருத்துவார்கள். விசையிலிருந்து பல பக்கமும் கம்பி ஓடும். எந்தக் கம்பியில் கால் தடுக்குகிறதோ அந்தத் திசைக்குத் திரும்பி, டுமீல்! காட்டைக் கரைத்துக் குடித்த திருடன் கம்பியைத் தாண்டிப் போய்விடுவான். வழி தவறிய பையன்தான் மாட்டுவான்.

கேள்வி: கோர்ட்டு வேடிக்கை பார்த்ததா?

பதில்: 1820இல் கிட்டத்தட்ட அதுதான். காட்டில் கொட்டை பொறுக்கப் போய்ச் சுடப்பட்டவனிடம், "துப்பாக்கி இருப்பது தெரிந்துதானே நுழைந்தாய்" என்று நஷ்டஈட்டை மறுத்தார்கள்.

அடுத்தது துலிப் வழக்கு. பிரிஸ்டல் அருகே ஒருவர் ஒசத்தியான துலிப் செடி வளர்த்தார். 20 பவுண்டு மதிப்புள்ள பூவும் கிழங்கும் களவு போகவே, துப்பாக்கி கட்டினார். எச்சரிக்கைப் பலகை? வைக்கவில்லை. திருடன் உஷாராகிவிடுவானாம்! 1825 மார்ச்சில் பக்கத்து வீட்டுப் பெட்டை மயில் தோட்டத்துக்குள் பறந்து போக, அதைப் பிடித்துத் தர 19 வயது இளைஞன் சுவரேறினான். இரண்டு மூன்று முறை குரல் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான். முழங்காலுக்கு மேலே குண்டு. இருட்டுவதற்கு முன்பே! 1828இல் தோட்டக்காரர் தோற்றார். சரியான தீர்ப்பு.

கேள்வி: தடை எப்போது வந்தது?

பதில்: 1827இல். இரவில் வீட்டுக்குள் வைப்பதற்கு மட்டும் விலக்கு.

கேள்வி: அதோடு ஒழிந்ததா?

பதில்: எங்கே! 1967இல் அமெரிக்காவின் அயோவாவில், பாழடைந்த பண்ணை வீட்டுக் கதவில் ஒரு தம்பதி துப்பாக்கி கட்டினார்கள். வயிற்றுக்குக் குறி வைத்த கணவரைக் காலுக்கு இறக்கச் சொன்னவர் மனைவி. பழைய பாட்டில் திருட வந்தவன் பிழைத்தது அந்த அம்மாள் புண்ணியம். அவனுக்குத் தம்பதி தர வேண்டும் என்று 1971இல் அயோவா உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நஷ்டஈடு 30,000 டாலர்.

கேள்வி: நம்மூரில் இதெல்லாம் இல்லையே?

பதில்: காட்டுப்பன்றிக்கென்று வரப்பில் கட்டும் திருட்டு மின்கம்பி வேறென்ன? 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு கம்பியில் 3 யானைகள் செத்தன. தண்ணீர் பாய்ச்சப் போகும் விவசாயியும் அதில்தான் விழுகிறார். கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள், ஐயா.