நூலகப் புத்தக ஓரங்களில் கருத்துரிமை: ஒரு பூர்வாங்க ஆய்வு

இந்திய அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்குக் கருத்துரிமை தருகிறது. எந்தெந்தக் காரணங்களுக்காக அந்த உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்பதையும் அதன் இரண்டாவது உட்பிரிவு சொல்லிவிடுகிறது. நாட்டின் இறையாண்மை, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு உட்பட மொத்தம் எட்டுக் காரணங்கள். கிளை நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாவலின் ஓரத்தில் 'சுத்தப் போர்' என்று எழுதுவது இந்த எட்டில் எதிலும் அடங்காது. அயல்நாட்டு நல்லுறவைக்கூட அது கெடுப்பதில்லை, மொழிபெயர்ப்பு நாவலாக இருந்தாலொழிய.

ஆயினும் ஓரத்தில் எழுதுபவரை இலக்கிய உலகம் விமர்சகராக மதிப்பதில்லை. நூலகரோ அவரைக் குற்றவாளி என்கிறார். இரண்டு தரப்பும் தவறு என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரலாறு. தமிழில் விமர்சனம் என்பது நெடுங்காலம் உடல் சம்பந்தப்பட்ட காரியமாகவே இருந்தது. பிழைபடப் பாடியவரைப் பிள்ளைப்பாண்டியன் தலையில் குட்டினான் என்றும், வில்லிபுத்தூரார் காதை அறுத்தார் என்றும், ஒட்டக்கூத்தர் தலையையே கொய்தார் என்றும் செவிவழிக் கதைகள் உண்டு. சீத்தலைச் சாத்தனார் மட்டும் அகிம்சாவாதி. பிறர் நூலில் பிழை கண்டபோதெல்லாம் எழுத்தாணியால் தம் தலையையே குத்திக்கொண்டாராம். இவற்றோடு ஒப்பிட்டால், பதினேழாம் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஒரு 'ம்ஹூம்' எவ்வளவு நாகரிகமானது!

ஆராய்ச்சியாளர்கள் போதிய அளவு கவனிக்காத இன்னொன்று, ஓலையில் ஓரம் கிடையாது என்பது. இருந்த கொஞ்ச இடமும் எண்ணுக்கும் துளைக்கும் போய்விட்டது. கருத்துச் சொல்ல இடமில்லாத வாசகர் என்ன செய்வார்? நூலுக்குள்ளேயே நுழைந்துவிட்டார். கம்பராமாயணத்தில் பிறர் பாடிச் சேர்த்த பாடல்களுக்கு 'வெள்ளிப் பாடல்கள்' என்று பெயரே உண்டு. கம்பர் போதாது என்று நினைத்த ஒருவர், குறையைச் சொல்லாமல் நிறைவுசெய்துவிட்டுப் போயிருக்கிறார். பின்னால் ரசிகமணி டி.கே.சி. கம்பருடையவை அல்ல என்று தமக்குத் தோன்றியவற்றை நீக்கிப் பதிப்பித்தபோது பண்டிதர்கள் கொதித்தார்கள். காகிதமும் அச்சும் வந்து, நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் விட்டபிறகுதான் எழுத்தாளர் நடுவிலும் வாசகர் ஓரத்திலுமாக அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் கிறுக்கக் கூடாது என்று கண்டிப்பவர்கள் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியாதவர்கள். ஓரத்தை மூடினால் வாசகர் மறுபடியும் உள்ளே வந்துவிடுவார்.

மேலைநாட்டிலும் ஓரத்துக்குப் பெருமை உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பெர்மா என்ற பிரெஞ்சுக்காரர், தாம் படித்த கணித நூலின் ஓரத்தில், ஒரு தேற்றத்துக்கு அற்புதமான நிரூபணம் கண்டுவிட்டதாகவும் அதை எழுத ஓரத்தில் இடம் போதவில்லை என்றும் குறித்துவிட்டுப் போனார். மற்றவர்கள் அதை நிரூபித்து முடிக்க 1995 ஆயிற்று. நம் கிளை நூலகங்களில் இடம் போதவில்லை என்று எவரும் பாதியில் நிறுத்தியதாக இவ்வாய்வில் தெரியவரவில்லை. ஓரம் தீர்ந்தால் அத்தியாயத் தலைப்பின் மேல், அதுவும் தீர்ந்தால் பதிப்புரைமேல். புதுக்கவிதைத் தொகுதி என்றால் இடப் பிரச்சினையே இல்லை. கவிஞர் பக்கத்தில் முக்கால்வாசியை வாசகருக்கென்றே விட்டுவைத்திருக்கிறார். ஓரத்தோடு நிற்காமல், லண்டனில் நூலகப் புத்தக அட்டைகளையே விஷமமாக மாற்றியமைத்த ஜோ ஆர்ட்டனுக்கும் அவருடைய நண்பருக்கும் 1962-இல் ஆறு மாதச் சிறை கிடைத்தது. ஆர்ட்டன் பின்பு புகழ்பெற்ற நாடகாசிரியரானார். அந்த அட்டைகளை இன்று பத்திரமாகப் பாதுகாக்கிறார்கள். நம் ஊர் நூலகர்கள் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

இனிச் சட்டமும் கோட்பாடும். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து நூலகத்துக்கென்று தனி வரி கட்டிவருகிறோம். இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. புத்தகத்தில் பத்தில் ஒரு பங்கு இடமாவது வரி கட்டுபவருக்கு உரியது என்பதை இதிலிருந்து எளிதில் பெறலாம். அளந்து பார்த்தால் ஓரம் அதற்குக் குறையாது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தும் நம் பக்கமே. நூல்கள் பயன்பாட்டுக்குரியவை என்பது முதல் விதி. பேனா பட்டதைவிடப் பயன்பாட்டுக்கு வேறென்ன சான்று வேண்டும்? நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாவது. புத்தகம் தானாக வளராது, யாராவது எழுதித்தான் ஆகவேண்டும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்ற நான்காம் விதிதான் கடைப்பிடிக்கக் கடினமானது. அதைச் சொல் மாறாமல் நிறைவேற்றிய ஒரே ஆள், துப்பறியும் நாவலின் மூன்றாம் பக்கத்தில் 'கொலை செய்தது டாக்டர்' என்று எழுதிவிட்டுப் போனவர். ஊரே அவரைச் சபிக்கிறது.

ஓர விமர்சகர்களில் பல சாதி உண்டு. அடிக்கோடு மட்டும் போடுகிறவர் ஒருவர். அவர் தேர்ந்த வரிகளை மட்டும் சேர்த்துப் படித்தால் புத்தகத்துக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு புத்தகம் கிடைக்கும். '47-ஆம் பக்கம் பார்க்க' என்று நம்மைப் பக்கம் பக்கமாக அலையவிட்டு, கடைசியில் 'முட்டாள்' என்று முடிக்கும் பள்ளிப் பிள்ளைகளை இங்கே விட்டுவிடலாம். நம் கவனத்துக்கு உரியவர் சிவப்பு மைக்காரர். ஓய்வுபெற்ற தமிழாசிரியராக இருக்கக்கூடும். கதாநாயகி, 'உன்னை பார்க்காமலே போகிறேன்' என்று சொல்லி உயிர்விடுகிறாள். முன்பு படித்தவர்களின் கண்ணீரில் அந்தப் பக்கமே சற்று நமுத்துப்போயிருக்கிறது. இவரோ அந்த வரியின் நடுவே கூரையடித்து ஒரு 'ப்' போட்டிருக்கிறார். பிறகுதான் அவளைச் சாகவிட்டார்.

இவரைப் போன்றவர்கள் ஒரு புதிரை எழுப்புகிறார்கள். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வழக்கில் 2016-இல் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், ஒரு புத்தகத்தைப் படித்தே தீரவேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை, பிடிக்காதவர் ஒதுக்கிவிடலாம் என்ற பொருள்படச் சொன்னது. எழுத்தாளர்கள் மகிழ்ந்தோம். ஆனால் பிடிக்கவில்லை, ஒதுக்கவும் மாட்டேன் என்று பேனாவைத் திறந்துகொண்டு கடைசிப் பக்கம்வரை வருகிறவரைப் பற்றி அந்தத் தீர்ப்பில் வழிகாட்டல் ஏதும் இல்லை. புத்தகம் பிடித்தவர் ஒரு புள்ளிகூட வைக்காமல் திருப்பித் தந்துவிடுகிறார். பிடிக்காதவர்தான் ஒற்றெழுத்து விடாமல் படிக்கிறார். எழுத்தாளருக்கு வாய்த்த நிஜமான வாசகர் இவரே என்ற முடிவைத் தவிர்க்க இயலவில்லை. அப்படிப்பட்டவர்கூட, தம் குறிப்பின்கீழ் இன்னொருவர் 'உனக்கென்ன தெரியும்' என்று எழுதிவிட்டால் அடுத்த முறை அதே புத்தகத்தை எடுத்துவந்து அதை அடித்துவிட்டுப் போகிறார். கருத்துரிமையில் தம் கருத்துக்கு மேல் கருத்து வராதிருக்கும் உரிமையும் சேர்ந்தது என்பது இவர் எண்ணம். எழுத்தாளர்களுக்கும் இதே எண்ணம் உண்டு என்பதால் இதை மேலும் ஆராயவில்லை.

சான்றுக்கு ஒரு நூல். ஆய்வாளரின் சொந்தக் கட்டுரைத் தொகுதி ஒன்று ஒரு கிளை நூலகத்தில் கிடைத்தது. அதில் அத்தை வீட்டுக் கூடத்தைப் பற்றி நான்கு பக்கம். முதல் பக்க ஓரத்தில் நீல மையில் 'சரி' என்று இருந்தது. அடுத்ததில், 'சரி, அப்புறம்?' மூன்றாவதில், 'உங்க அத்தை கதை எங்களுக்கு எதுக்கு சார்?' நான்காவதில் நீல மையைக் காணோம். கட்டுரை அங்கேதான் சூடு பிடிக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளவும். அந்தப் பக்கத்தின் அடியில் பென்சிலில், 'தன் வாழ்க்கையைத் தனக்குத் தோன்றியபடி எழுத ஓர் எழுத்தாளருக்கு முழு உரிமை உண்டு. வேண்டாதவர் மூடி வைக்கலாம். நடை அபாரம்' என்று ஒரு பண்பட்ட வாசகர் பதில் சொல்லியிருந்தார். அதற்கும் கீழே பச்சை மை. கெஜட்டட் அதிகாரியாக இருக்கலாம். 'எழுதினவரே வந்து எழுதின மாதிரி இருக்கு.'

பச்சை மையின் கூற்று ஆதாரமற்ற ஊகம். ஆய்வு நெறிக்குப் புறம்பானது. அந்தப் பென்சில் கையெழுத்தை எவருடைய கையெழுத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. நூலகர் மட்டும் சில காலமாக, நான் உள்ளே போகும்போது பேனா, பென்சில் இருந்தால் மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்.