மீட்புப் பொத்தான்: அணைத்தலும் அணையாமையும்

ஆன்டிவைரஸ் சிலவற்றில் கோப்பு மீட்பு என்று ஒரு பொத்தான் உண்டு. அதை நீலமாக விட்டுவைப்பதா, சாம்பலாக்கி அணைப்பதா என்பதைப் பற்றித் தமிழாய்வுலகம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இவ்வாய்வு. எல்லை: மலேசியாவில், மேற்கே கோல சிலாங்கூர் கலங்கரை விளக்கம், கிழக்கே பெஸ்தாரி ஜெயா. 2007இல் வைத்த பெயர் அது. தோட்டத்துப் பெரியவர்களுக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தகவல் தந்தோர் மூவர்: கோயில் செயலாளர், போட்டோ கடைக்காரர், ஓய்வுபெற்ற தோட்டத்து ஆபிஸ் கிராணி (எழுத்தர்).

நூற்பா:

அணைத்தவர் அழுவர் அணையார் சலிப்பர்
அயலிடம் வைத்தார் அயர்ந்துறங் குவரே.

எந்த ஏட்டிலும் தேட வேண்டாம், கட்டியவன் நானே. நூற்பா இல்லாவிட்டால் நம்மவர்கள் ஆய்வென்று ஒப்புவதில்லை.

இனி உரை. பகை யாதெனின், கணினிக்குள் புகுந்து படம், கடிதம், கணக்கு அனைத்தையும் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் நிரல். இதன் குலமுதல்வர் ஜோசப் பாப். 1989இல் எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லி வட்டுகளைத் தபாலில் அனுப்பி, பூட்டைத் திறக்க 189 டாலரைப் பனாமா நாட்டு அஞ்சல் பெட்டிக்கு அனுப்பச் சொன்னவர். பேரப்பிள்ளை வானாக்ரை, 2017 மே 12 அன்று கிளம்பி 150 நாடுகளில் புகுந்து, கணினிக்கு 300 டாலர் கேட்டது.

காவல் இருவகைத்து. ஒன்று, அறிமுகமில்லாத நிரல் நம் கோப்புறைகளில் எழுத முயன்றால் தடுப்பது. 2017 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு வந்த புதுப்பிப்பில் இது சேர்ந்தது. அணைந்தே வரும், நாம்தான் முடுக்க வேண்டும். மற்றொன்று, ஏதாவது நிரல் கோப்புகளை மளமளவென்று மாற்றத் தொடங்கினால் உடனே நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அதை நிறுத்திய பின் பழையபடி வைப்பது. விலைக்கு வாங்கும் ஆன்டிவைரஸ் சிலவற்றில் இது உண்டு.

பூர்வபட்சம், அதாவது அணைப்போர் கட்சி. இதன் தலைவர் கோயில் செயலாளர். ஆடித் திருவிழாவுக்கு முதல் நாள் இரவு உபய ரசீதுகளை ஸ்கேன் செய்து சேமிக்கப் போனார். 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்றது கணினி. இல்லாத கோப்பைத்தானே சேமிக்கிறோம், அது எப்படி முன்னமே இருக்கும் என்று நியாயமாகவே குழம்பினார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். கிள்ளானில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார். கடைசியில் காவலை மொத்தமாக அணைத்ததும் ஸ்கேன் ஓடியது. "திருட வந்தவன நிறுத்துச்சோ இல்லியோ, என்னை நிறுத்திருச்சிண்ணே" என்பது அவர் வாக்குமூலம்.

மறுப்பு: ஸ்கேனர் நிரல் முதல்வகைக் காவலுக்கு அறிமுகமில்லாதது. தடுத்த காவல் ஸ்கேனரிடம் காரணம் சொல்லாததால் ஸ்கேனர் தனக்குத் தெரிந்த பிழையைச் சொன்னது. விண்டோஸ் பாதுகாப்புப் பக்கத்தில் அண்மையில் தடுக்கப்பட்டவை என்ற பட்டியலைத் திறந்து ஸ்கேனருக்கு அனுமதி கொடுத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. ஒரு நிரலுக்காகக் காவல் முழுவதையும் நிறுத்தியது மிகை என்க.

அணையாமைக் கட்சி போட்டோ கடைக்காரருடையது. அவரிடம் இருப்பவை பழைய தோட்டப் படங்கள்: லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசல் கல்யாணங்கள், பெரட்டுக் களத்தில் (காலையில் பெயர் கொடுக்கும் இடம்) வரிசையாக நின்றவர்கள். 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்ட தெனமாரம் தோட்டம் இவ்வட்டாரத்ததே. படத்திலுள்ள லயங்கள் பல இடிந்துபோயின. எந்தப் பொத்தானும் அவற்றைத் திருப்பித் தராது. படத்தையாவது காப்பது கடன்.

ஆனால் அவரும் ஒன்றை மறந்தார். காவல் எடுக்கும் நகல் அதே கணினிக்குள் இருக்கிறது. பூட்டும் நிரல்கள் பல, வேலையைத் தொடங்குமுன் விண்டோஸ் வைத்திருக்கும் பழைய நிழல் நகல்களைத்தான் முதலில் அழிக்கும். வட்டே பழுதானால் கேட்கவே வேண்டாம்.

நகல் அயலிடத்தில் இருக்க வேண்டும் என்பதற்குச் சான்று கோல சிலாங்கூரின் மெலாவாத்தி குன்றிலுள்ள கோட்டை. 1784இல் டச்சுக்காரர்கள் அக்கோட்டையைப் பிடித்து அல்திங்பர்க் என்று பெயர் மாற்றினார்கள். (வானாக்ரையும் பிடித்த கோப்பின் வாலில் 'டபிள்யூ.என்.சி.ஆர்.ஒய்.' என்று தன் பெயரை ஒட்டியது.) சிலாங்கூர் சுல்தான் இப்ராகிம் பகாங்குக்குப் போய், அங்கே ஆள்பலம் திரட்டி, 1785இல் கோட்டையை மீட்டார். மீட்கும் படை கோட்டைக்குள்ளேயே இருந்திருந்தால் கோட்டையோடு போயிருக்கும். டச்சுக்காரர்கள் விட்டார்களா? கப்பல்களைக் கொண்டுவந்து ஆற்றுவாயை மறித்தார்கள். 1786இல் சுல்தான் உடன்படிக்கைக்கு இணங்க நேர்ந்தது. கோப்பை மீட்டவர் நிரல் புகுந்த வழியையும் அடைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று இவ்வட்டாரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

கிராணி சுல்தான் வரைக்கும் போகவில்லை. "செக்ரோல் பெரட்டுல ஒண்ணு, ஆபிசுல ஒண்ணு. ரெண்டையும் ஒரே பெட்டியில வச்சதில்ல தம்பி" என்றார். (செக்ரோல் என்பது தோட்டத்து ஆள்வரவுப் பேரேடு.)

சித்தாந்தம் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் ஏற்கப்பட்டது. பொத்தான் அணையாமல் இருக்கும். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கப்படும். நகல் எடுத்ததும் கழற்றிவிட வேண்டும், செருகியே விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும் என்பது குறிப்பேட்டில் ஏறியது. எங்கே வைப்பது என்பதில்தான் இழுபறி. மூலஸ்தானத்தில் வைக்கப் பூசாரி மறுத்தார். தலைவர் வீட்டில் வைக்கப் பொருளாளர் மறுத்தார். முடிவில் செயலாளரின் அக்கா வீடு பகாங்கில், மெந்தகாப்பில் இருப்பது நினைவுக்கு வந்தது. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் அங்கிருந்து கொண்டுவந்து புதுப்பிப்பதாகத் தீர்மானம். முன்மொழிந்தவர் செயலாளர். வழிமொழிய இன்னும் ஆள் அகப்படவில்லை. பெட்ரோலுக்கு எத்தனை வெள்ளி, அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று பொருளாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.