கலங்கல் படம் எடுத்த துரைசானி

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் சர்ச் மயானத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் கிழவியும் படுத்திருக்கிறார்கள். கிழவர் நாட்டுக்குச் சட்டம் சொன்னவர். கிழவி படம் எடுத்தவர், அதுவும் கலங்கலாக. கிழவரின் பெயரைப் பரீட்சைக்காகப் பாடமாக்கிப் பிள்ளைகள் மறுநாளே மறந்துவிடுகிறார்கள். கிழவியின் கலங்கல் படங்களை லண்டன் நூதனசாலைகள் பத்திரமாக வைத்துப் பாதுகாக்கின்றன.

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தார். அக்கா தங்கச்சி ஏழு பேர். அதில் ஆறு பேர் பேரழகிகள் என்று ஊரே பேசியது. ஏழாவது ஆள் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. அப்பா ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். 1845இல் அவர் செத்தபோது உடலை ரம் பீப்பாயில் ஊறப்போட்டு இங்கிலாந்துக்கு அனுப்பியதாகவும், பீப்பாய் வெடித்து மனுஷன் வெளியே வந்து எட்டிப் பார்த்ததாகவும் அந்தக் குடும்பத்தில் ஒரு கதை. செத்த பிறகு பெட்டிக்குள் போவது எல்லாரும் செய்வதுதான். மகள் ஒரு படி மேலே போனார்; அதற்குப் பிறகு வருகிறேன்.

புருஷன் சார்ல்ஸ் ஹே கேமரன் அவரைவிட இருபது வயது மூத்தவர். கோல்புரூக்–கேமரன் சீர்திருத்தம், 1833 என்று பாடப்புத்தகத்தில் வரும் கேமரன் இவரேதான். நாட்டைச் சீர்திருத்திவிட்டுச் சும்மா போகாமல், பிற்காலத்தில் மலைநாட்டில் கோப்பிக் காணியும் வாங்கிப் போட்டார். இங்கிலாந்தில் வைட் தீவில், கவிஞர் டென்னிசன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவர்களுடைய வீட்டுக்குப் பெயர் ‘டிம்போலா’. நம்ம திம்புள்ளதான். கோப்பி இங்கே காய்க்க, அங்கே விருந்து நடந்தது.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும், அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு கமராவை வாங்கிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு வயது 48. அதன் பிறகு அந்த வீட்டில் வேறு யாருக்கும் பொழுதே மிஞ்சவில்லை. நிலக்கரி போட்டுவைத்த அறை இருட்டறையானது. கோழிக்கூடு ஸ்டூடியோவானது. கோழிகளைத் திறந்துவிட்டதாக எழுதிவைத்திருக்கிறார், நம்புவோம். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. துரைசானியின் கை கறுத்தது. மேசை விரிப்பெல்லாம் கறை. நிமிஷக்கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தவர்களின் பிராணன் போனது.

வில்லையைத் திருகிக்கொண்டே வருவார். அழகாகத் தெரிந்த இடத்தில் கையை எடுத்துவிடுவார். துல்லியமாகும்வரை திருகுவது மற்றவர்கள் வேலை. படம் கலங்கியிருக்கிறது, கைரேகை தெரிகிறது, தகடு கீறியிருக்கிறது என்று படக்கலைப் பத்திரிகைகள் கரித்துக்கொட்டின. அந்த அம்மா சட்டை செய்யவில்லை. அவருக்கு வழிகாட்டியவர் ஓவியர் வாட்ஸ். துரைசானி போட்டி போட்டது ஓவியர் ரஃபாயேலோடு. தூரிகைக்காரன் மங்கலாக விட்டால் மேதை, கமராக்காரி விட்டால் கைநடுக்கமா என்பது நியாயமான கேள்விதானே? பாதி முகத்தை இருட்டில் விட்டு மீதியை வெளிச்சத்தில் வார்த்த விதத்தைப் பார்த்தால், அந்தப் பத்திரிகைக்காரர்களுக்குத்தான் கண்ணாடி தேவைப்பட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

பெரிய மனிதர்கள் வரிசையில் வந்து மாட்டினார்கள். டார்வின், கார்லைல், ஹெர்ஷல். டென்னிசன் தன் படத்தைப் பார்த்து ‘அழுக்குச் சாமியார்’ என்று தானே பெயர் வைத்துக்கொண்டார். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவை அந்த வீட்டில் விட்டுவிட்டு, அந்த அம்மா சொல்வதையெல்லாம் செய்துதான் ஆகவேண்டும் என்று எச்சரித்துவிட்டு நழுவினாராம். துரைசானி தன் புருஷனை மந்திரவாதி மெர்லினாக நிறுத்தினார். கிழவர் சிரிப்பை அடக்கமுடியாமல் தகடுகளைப் பாழாக்கினார். வேலைக்காரி மேரி ஹில்லியர் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து மாதாவாக நின்றாள். பிச்சைக்காரியின் மகள் மேரி ரையன் அந்த வீட்டுப் பணிப்பெண்ணாகிப் படங்களில் அரசகுமாரியானாள். அவள் படங்களில் மயங்கி அவளை மணந்த ஹென்றி கொட்டன் 1904இல் இந்திய தேசிய காங்கிரசுக்கே தலைவரானார். ஒரு கலங்கல் படம் இவ்வளவு தூரம் வேலை செய்யும்!

1875இல் காசும் வற்றியது, கிழவருக்கு இலங்கை ஆசையும் முற்றியது. பிள்ளைகள் ஏற்கெனவே இங்கே. புறப்பட்டார்கள்: ஒரு பசுமாடு, ஆளுக்கொரு சவப்பெட்டி. பெட்டிகளை வெறுமனே கொண்டுவருவானேன் என்று பீங்கான் சாமான்களை அதில் அடுக்கிக்கொண்டார்களாம். மூட்டை தூக்கியவர்களுக்குக் கூலி கொடுக்கக் காசில்லாமல், தான் எடுத்த படங்களைக் கொடுத்தார் என்றும் கதை. கூலிக்குப் பதில் கலை!

இங்கே சூடு, ரசாயனம் கிடைப்பதும் கஷ்டம். இலங்கையில் எடுத்தவற்றில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. 1877இல் ஓவியர் மரியான் நோர்த் களுத்துறையில் இருந்த அவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். அவருக்குக் காஷ்மீர்க் கம்பளித் துணி சுற்றி, தென்னோலை தலையில் குத்த, உச்சிவெயிலில் நிறுத்திப் படம் எடுத்தார் துரைசானி. ஒரு உள்ளூர் ஆளின் முதுகு அழகாயிருக்கிறது என்று, மகனிடம் அடம்பிடித்து அவனைத் தோட்டக்காரனாகவும் வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் தோட்டமே இல்லை. சம்பளம் முதுகுக்கு.

ஆனால் அந்த முதுகுக்காரன் பெயர் என்ன? இங்கிலாந்தில் பாத்திரம் துலக்கியவளின் பெயர் இன்றுவரை அச்சாகிறது. இங்கே எடுத்த படங்களில் ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்கிற மாதிரித் தலைப்புகள்தான். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து, பாதிப்பேர் செத்தும் சாகாமலும் மலையேறியவர்களின் பெயர் கங்காணியின் கணக்கில் இருந்தது, துரையின் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் இருந்தது. அரைநாள் கூலி குறைப்பதற்காவது அங்கே பெயர் வேண்டியிருந்தது. படத்துக்கு முகம் போதும் போலிருக்கிறது. அவை நல்ல படங்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாவனை பண்ணாமல், வெறும் மனிதர்களாக நிற்கிறார்கள். ரஃபாயேல் அங்கே எட்டிப் பார்க்கவில்லை.

1879 ஜனவரி 26இல், டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் துரைசானி செத்துப்போனார். ஹட்டனுக்கு ரயில் வர இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. வெள்ளை மாடு பூட்டிய வண்டியில் பொகவந்தலாவைக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். வானத்தைப் பார்த்து ‘அழகு’ என்று சொல்லிக் கண்ணை மூடினாராம். மறுவருஷம் கிழவரும் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டார். கோப்பியும் இலைநோயில் அவர்களோடே போய்விட்டது.

துரைசானியின் தங்கச்சி பேத்திதான் வர்ஜீனியா வூல்ஃப். பெரிய பாட்டியின் சவப்பெட்டிக் கூத்தை ‘ஃப்ரெஷ்வாட்டர்’ என்று நாடகமாக எழுதி, 1935இல் சொந்தக்காரர்களை வைத்தே நடிக்கவிட்டார். அதில் கிழவரும் கிழவியும் சவப்பெட்டி வரவில்லையே என்று காத்திருக்கிறார்கள், இந்தியாவுக்குப் போக! வூல்ஃபின் புருஷன் லெனார்ட் யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை என்று இலங்கையில் கிட்டத்தட்ட ஏழு வருஷம் உத்தியோகம் பார்த்தவர். அடுத்த அறையில்தான் இருந்திருப்பார்; ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.