மோசஸ் பாட்டியின் கணக்கு

1938-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹூசிக் ஃபால்ஸ் என்ற சிற்றூரில், ஒரு மருந்துக்கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள் சில ஓவியங்கள் விலைக்கு இருந்தன. சின்னது மூன்று டாலர், பெரியது ஐந்து. அளவு கூடினால் விலை கூடும், துணிக்கடை நியாயம்தான். அந்த வழியாக வந்த லூயிஸ் கால்டர் என்ற நியூயார்க் நகரத்துக்காரர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, வரைந்தவரைத் தேடி ஈகிள் பிரிட்ஜ் பண்ணைக்கே போய்விட்டார். பாட்டி வீட்டில் இல்லை. மருமகள்தான் இருந்தார். பத்துப் படம் இருக்கும், நாளைக்கு வாருங்கள் என்று தாராளமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இருந்ததோ ஒன்பது.

பாட்டி அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு பெரிய படத்தை எடுத்து இரண்டாக வெட்டி, பழைய சட்டங்கள் இரண்டில் மாட்டினார். பத்து ஆயிற்று. கலை விமர்சகர்கள் இதை என்ன சொல்வார்களோ, மருமகள் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஒரு மாமியார் தன் ஓவியத்தையே வெட்டிய கதை உலகில் வேறெங்கும் இருக்காது.

பாட்டியின் பெயர் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ். 1860 செப்டம்பர் 7-ல் பிறந்தவர். அப்போது லிங்கன்கூட இன்னும் ஜனாதிபதி ஆகவில்லை. பன்னிரண்டு வயதில் பிறர் வீட்டு வேலைக்குப் போனார். 1887-ல் தாமஸ் மோசஸைக் கட்டிக்கொண்டு வர்ஜீனியாவுக்குக் குடிபோனதும், தன் சேமிப்பில் ஒரு பசு வாங்கி, வெண்ணெய் கடைந்து விற்றார். பிறகு உருளைக்கிழங்கு வறுவல் போட்டு விற்றார். புருஷன் மேல் குறையொன்றும் இல்லை. ஆனால் அவர் எண்ணிக் கொடுக்கும் காசுக்குக் காத்து உட்கார்ந்திருப்பது இந்த அம்மாளுக்கு ஒத்துவராது. பெற்ற பிள்ளைகள் பத்து. ஐந்துதான் தங்கின. 1905-ல் நியூயார்க் மாநிலத்துக்கே திரும்பினார்கள். 1927-ல் கணவரும் போய்ச் சேர்ந்தார்.

அதன்பின் கம்பளி நூலால் படங்கள் தைத்துக்கொண்டிருந்தார். மூட்டுவாதம் வந்து ஊசி பிடிபடவில்லை. வர்ணம் தீட்டிப் பாரேன் என்றார் சகோதரி. வயது எழுபதுகளின் பிற்பகுதி. அந்த வயதில் விரல் வலிக்கிறது என்றால் நம் வீட்டில் தைலம் வாங்கித் தருவார்கள், தூரிகை வாங்கித் தர மாட்டார்கள். வட்டாரப் பொருட்காட்சியில் தன் படங்களையும் ஜாம் பாட்டில்களையும் சேர்த்தே வைத்தார். ஜாமுக்குப் பரிசு கிடைத்தது. படங்களுக்கு ஒன்றுமில்லை.

வேலை செய்யும் விதமும் பண்ணை வீட்டு விதம்தான். முதலில் சட்டத்தைத் தேடி எடுப்பார். அதன் அளவுக்குப் பலகை. பலகைக்கு மூன்று பூச்சு வெள்ளை. பிறகு மேலிருந்து கீழாக வானம், மலை, மரம், வீடு, மாடு, கடைசியில் மனிதர்கள்.

1940 அக்டோபரில் ஓட்டோ காலிர் என்பவர் நியூயார்க்கில் தம் கேலரியில் பாட்டிக்குத் தனிக் கண்காட்சி வைத்தார். பாட்டி போகவில்லை. அந்தப் படங்களைத்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே! அடுத்த மாதம் கிம்பெல்ஸ் என்ற பெரிய கடைக்கு அழைத்தார்கள், அங்கே போனார். கலையைப் பற்றிப் பேசுவார் என்று கூட்டம் காத்திருக்க, பாட்டி ஜாம் போடும் பக்குவத்தைச் சொன்னார். பரிசு வாங்கிய விஷயத்தைத்தானே பேச முடியும்?

1949-ல் வாஷிங்டனில் ஜனாதிபதி ட்ரூமன் கையால் விருது. அவர் பாட்டிக்காகப் பியானோவும் வாசித்தார். 1953-ல் டைம் பத்திரிகையின் அட்டையில் படம். 1960-ல் நூறாவது பிறந்தநாளை ‘மோசஸ் பாட்டி தினம்’ என்று ஆளுநர் ராக்ஃபெல்லர் அறிவித்தார். மொத்தம் 1,500-க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் சில, நூறு வயதைத் தாண்டிய பிறகு வரைந்தவை. 2006-ல் ‘சுகரிங் ஆஃப்’ என்ற ஒரே படம் 12 லட்சம் டாலருக்குப் போனது. மருந்துக்கடை விலைப்படி அது ஐந்து டாலர் சரக்கு.

1961-ல் உடல் தளர்ந்து மருத்துவ விடுதியில் சேர்த்தார்கள். அங்கே வரைய விடவில்லை. ஒருநாள் பாட்டி டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து ஒளித்துவைத்துக்கொண்டு, ஈகிள் பிரிட்ஜுக்குக் கொண்டுபோய் விட்டால் திருப்பித் தருகிறேன் என்று பேரம் பேசினார். வாழ்நாள் முழுக்க வெண்ணெயும் வறுவலும் விற்றவருக்கு அந்த ஒரு பேரம் மட்டும் படியவில்லை.