டத்தோ படத்தின் எடை குறையக் கூடாது: ஒரு விண்ணப்பம்

பெறுநர்: அகப்பக்கப் பிரிவுப் பொறுப்பதிகாரி அவர்கள்.
(அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. தங்கள் முகப்புப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும், அது திறந்தால்.)

மதிப்பிற்குரிய ஐயா,

தஞ்சோங் காராங்கில் போட்டோஸ்டாட் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். தங்கள் அகப்பக்கத்தில் உள்ள ஜேபெக் படங்களை எல்லாம் வெப்பி, ஏவிஃப் என்று புதுவகைக் கோப்புகளாக மாற்றப் போவதாகக் காற்றுவாக்கில் ஒரு செய்தி. தயவுசெய்து அந்தக் காரியத்தைச் செய்யாதீர்கள்.

என் பிழைப்பு அதில் இருக்கிறது. உதவித்தொகை பாரம் வேண்டி தோட்டத்திலிருந்து வருகிற அக்காமார்களும் தாத்தாமார்களும், தங்கள் பக்கம் அவர்கள் கைப்பேசியில் திறக்காததால்தான் என் கடைப் படி ஏறுகிறார்கள். பாரம் இருப்பது பக்கத்தின் அடியில். அதற்கு மேலே, டத்தோ கலந்துகொண்ட கோத்தோங் ரோயோங் கூட்டுப்பணிப் படங்கள் நாற்பது. ஒவ்வொன்றும் 4000 பிக்சல் அகலம், ஏறக்குறைய 5 எம்பி. திரையில் அதற்குத் தாங்கள் ஒதுக்கியிருக்கும் இடம் 300 பிக்சல். அந்தப் படம் செம்பனைக்கு நடுவே இருக்கிற ஒரு கைப்பேசியில் இறங்குவதைத் தாங்கள் பார்க்க வேண்டும். முதலில் கூடாரத்தின் ஓரம் தெரியும். பிறகு பேனர். நேரம் போகப் போக ஒரு சொங்கோக், அதன் கீழே டத்தோவின் நெற்றி. சட்டைப் பொத்தானுக்கு வருவதற்குள் ரீலோட் போட்ட டேட்டா தீர்ந்துவிடும். டத்தோ அன்று மண்வெட்டியைத் தொட்டாரா இல்லையா என்பது எங்கள் தோட்டங்களில் இன்றுவரை முடிவாகாத கேள்வி.

நாற்பதை ஐந்தால் பெருக்கினால் 200 எம்பி. இதைக் குறைக்கப் புதுவகைக் கோப்புகூட வேண்டாம் என்பதை, மாற்றச் சொல்லும் தரப்பு தங்களிடம் சொல்லியிருக்காது. 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினாலே போதும்; பழைய ஜேபெக்கிலேயே ஒரு படம் சுமார் 200 கேபியில் அடங்கும், மொத்தம் 8 எம்பி ஆகிவிடும். அதன் பிறகுதான் வெப்பிக்கு வேலை. கூகுள் 2010இல் கொண்டுவந்த வகை அது. அதே தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 விழுக்காடு சிறியது என்பது கூகுளின் கணக்கு. 2019இல் வந்த ஏவிஃப் பெரும்பாலும் அதையும் மிஞ்சும். இப்படியே போனால் டத்தோ 100 கேபிக்கு இறங்கிவிடுவார். ஒரு மக்கள் தலைவருக்கு அது அழகா?

மாற்றியே ஆக வேண்டும் என்று மேலிடம் நெருக்கினால், தங்கள் குத்தகையாளர் முன்பு கையாண்ட வழியையே பரிந்துரைக்கிறேன். கோப்புப் பெயரின் வாலில் இருந்த ஜேபிஜி என்ற எழுத்துகளை அழித்துவிட்டு வெப்பி என்று எழுதினார். உலாவி ஏமாறவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, இது ஜேபெக்தான் என்று கண்டுகொண்டு, பெருந்தன்மையாகத் திறந்துவிட்டது. எடையில் ஒரு பைட்டும் குறையவில்லை. பில்லும் தேறியது, பணி முடிந்தது என்ற அறிக்கையும் தேறியது. தாள் மாற்றாமலே உறையை மாற்றும் இந்தத் திறமைக்கு விருது இல்லாதது பெரிய குறை.

"பழைய கைப்பேசியில் புதுவகை திறக்காது" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். அருமையான வாதம், விட்டுவிடாதீர்கள். 'பிக்சர்' என்ற குறிக்குள் ஏவிஃப், வெப்பி, கடைசியில் ஜேபெக் என்று வரிசையாக எழுதிவைத்தால், உலாவி மேலிருந்து பார்த்துத் தனக்குப் புரிகிற முதல் கோப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும், மற்றவற்றைத் தொடவே தொடாது என்பதை யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஃபோனின் சஃபாரி 2020இலேயே வெப்பியையும், 2022இல் ஏவிஃபையும் ஏற்றுக்கொண்டது என்பதையும்தான்.

எளிதான வேலை என்பதற்காகவே ஒன்றை ஒதுக்கும் மரபு தங்களோடு தொடங்கியதல்ல. ஜேபெக்கின் உயிர்நாடியான கணக்கு 1974இல் வெளியானது. எழுதியவர்கள் பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, அவருடன் நடராஜன், ராவ். தஞ்சோங் காராங் வயலை வரப்பு போட்டுப் பாத்தி பாத்தியாகப் பிரித்ததுபோல, ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் இந்தக் கணக்கைப் போட்டு, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. இந்த ஆய்வுக்கு அகமது 1972இல் அமெரிக்க தேசிய அறிவியல் நிதியத்திடம் பணம் கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிதாக இருக்கிறது என்ற பொருளில் மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருந்ததாகப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். அந்த மதிப்பீட்டாளர் இங்கே பிறந்திருந்தால் தங்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கியிருப்பார்.

கம்போங் குவாந்தான் மின்மினிப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிஎன்ஜி வகையில் போட்டிருக்கிறீர்கள். எழுத்தும் சின்னமும் கொண்ட படங்களுக்கு அது நல்ல வகை; எதையும் இழக்காது. இழக்காது என்பதுதான் இங்கே விசேஷம். இரவில் எடுத்த படத்தில் கேமரா தானாகத் தூவிய புள்ளிகள் ஆயிரமாயிரம் இருக்கும், அத்தனையையும் காப்பாற்றிவைத்திருக்கிறது. மின்மினிகள் மூலையில் சிறு பொட்டுகளாக நிற்க, 12 எம்பியும் பெரும்பாலும் இருட்டுக்கே போகிறது. சுற்றுலாப் பயணிக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் ரசனை இல்லாதவர்கள்.

வரலாற்றுப் பக்கம் இதைவிட ஒரு படி மேல். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நம் கோல சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை பயிரிட்டார்; இந்நாட்டில் அதை வணிகப் பயிராக நட்ட முதல் தோட்டம் அதுதான். இந்தச் செய்தியைத் தட்டச்சு செய்து, அச்சிட்டு, அந்தத் தாளைப் புகைப்படம் எடுத்து ஏற்றியிருக்கிறீர்கள். தேடினால் அகப்படாது, பெரிதாக்கினால் மங்கும், கண் தெரியாதவருக்குக் கைப்பேசி வாசித்தும் காட்டாது. இதை வெப்பியாக்கினாலும் ஏவிஃபாக்கினாலும் பயனில்லை. தங்கள் அகப்பக்கத்தில் எந்தச் சீர்திருத்தமும் தொட முடியாத ஒரே கோட்டை இது.

இவ்வளவு சொல்லியும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், மூலப் படங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அவற்றிலிருந்தே மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்து மறுபடியும் சுருக்கினால் டத்தோவின் முகம் கட்டம் கட்டமாகிவிடும். அந்தப் பழி என் கடிதத்தின் மேல் வர வேண்டாம். வேலை முடிந்ததும் திறப்பு விழா வைப்பீர்கள், பிரியாணிக்கு நானும் வருவேன். நாடா வெட்டும் படத்தை மட்டும், பாரத்துக்குக் கீழே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தயவில் பிழைக்கும்
போட்டோஸ்டாட் கடைக்காரன்,
தஞ்சோங் காராங்.