டாக்கு ரெண்டு, தலைவலி ஒண்ணு

ஏண்டா பேராண்டி, பென்னாகரம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் இறங்காததுமா "லினக்ஸே சரியில்ல தாத்தா, திரை நடுங்குது, அழிச்சிட்டு மறுபடி போடப்போறேன்"ங்கிற. போடேன், யாரு வேணாங்கிறது? போட்ட கையோட அந்த இருபது எக்ஸ்டென்ஷனையும் திரும்ப ஏத்துவ. சனி வழி மறந்தா போயிடும்?

கெழவனுக்கு என்ன தெரியும்னு இளிக்காத. 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல உங்கத்தைக்கு வந்த பெட்டியில விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. அவ விண்டோஸ்ல சினிமா பார்த்தா. நான் மறுபக்கத்தை நோண்டினேன்.

உன் திரையில இடதுபக்கம் ஒரு ஐகான் பட்டை, கீழ இன்னொண்ணு. உபுண்டு டாக் இருக்கச்சயே 'டேஷ் டு டாக்' எக்ஸ்டென்ஷனையும் ஏத்தியிருக்க. டேஷ் டு டாக்குல இருந்து பிரிச்சு 2017-ல உபுண்டு 17.10 பதிப்புக்குன்னு எடுத்ததுதான்டா உபுண்டு டாக்! ரெண்டும் படிக்கிற செட்டிங்ஸ் கூட ஒண்ணேதான். ஒரே மதகுக்கு ரெண்டு நீர்க்கட்டி வெச்சா எந்த வயலுக்குத் தண்ணி பாயும்?

உன் உபுண்டுல ஓடுற க்னோம் டெஸ்க்டாப்புல எக்ஸ்டென்ஷனுக்குத் தனி அறை கிடையாது. ஷெல்லுக்குள்ளயே ஓடும், அதோட ஜாவாஸ்கிரிப்டையே மாத்தி வைக்கும். ஷெல் சாஞ்சா வேலண்ட்ல உன் செஷனே போச்சு, சேமிக்காத ஃபைலோட.

மொதல்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணு. அப்பவும் திரை நடுங்கினா பழி வேற இடத்துல. கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாரு. அடங்கிடுச்சா, பாதியை மட்டும் ஏத்து. அதுவும் சாது, மீதிப் பாதியும் தனியா விட்டா சாதுன்னா, சண்டைக்காரன் பக்கத்துக்கு ஒருத்தனா நிக்கிறான்னு அர்த்தம். ஒரு பாதியை அப்படியே விட்டுட்டு, எதிர்ப்பக்கத்துல இருந்து ஒவ்வொண்ணா கூட்டு. நடுவுல லாக்அவுட் பண்ணிட்டு வா. சிலது ஆஃப் பண்ணின பிறகும் மிச்சம் மீதி வெச்சிட்டுத்தான் போகும்.

அப்புறம் இன்னொண்ணு. 2023 செப்டம்பர்ல வந்த க்னோம் 45 மாட்யூல் முறையையே மாத்திடுச்சு. அதுக்கு முந்தி எழுதின எக்ஸ்டென்ஷன் எதுவும் திருத்தாம ஓடாது. தொரை என்ன பண்ணியிருக்கீங்க? 'பொருந்தாது'ன்னு க்னோம் சொல்லுதுன்னு வெர்ஷன் சோதனையையே ஆஃப் பண்ணி வெச்சிருக்கீங்க. கெட்டிக்காரன்டா நீ, உங்கப்பனைத் தூக்கிச் சாப்பிட்டுடுவ.

சண்டைக்காரன் ஆப்பிட்டதும் அதை எழுதினவங்களுக்கு ஒரு சேதி அனுப்பு. ஜர்னல்ல விழுந்த பிழை வரி, க்னோம் பதிப்பு, கூட ஓடின எக்ஸ்டென்ஷன் பேரு, மூணும் இருக்கணும். 'வேலை செய்யல'ன்னு மொட்டையா எழுதித் தொலைக்காத. அவங்கள்ல முக்காவாசிப் பேரு சம்பளம் வாங்காம எழுதறவங்க.