இரண்டு நாட்டுத் தூதர்

கேள்வி: ஒரே மனிதர் இரண்டு நாடுகளின் தூதராக இருந்ததுண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவின் ஆன்சன் பர்லிங்கேம்.

1856-ல், அடிமை முறையைச் சாடிய செனட்டர் சார்லஸ் சம்னரை, செனட் அவைக்குள்ளேயே கைத்தடியால் ரத்தம் சொட்டச் சொட்ட அடித்தார் தென் கரோலினா உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ். அவரைப் பிரதிநிதிகள் சபையில் வெளுத்து வாங்கியவர் மாசசூசெட்ஸ் உறுப்பினர் பர்லிங்கேம். ஒண்டிக்கு ஒண்டி வரச் சொன்னார் புரூக்ஸ். ஆயுதம் ரைஃபிள், இடம் நயாகராவின் கனடா பக்கம் என்று பதில் வந்தது. பர்லிங்கேமோ குறி தப்பாதவர்! எதிரிகள் நிறைந்த வட மாநிலங்களைக் கடந்து எப்படிப் போவது என்று சொல்லி நழுவிவிட்டார் புரூக்ஸ். உட்கார்ந்திருந்தவரை அடித்த வீரம் அவ்வளவுதான்.

1861-ல் அதிபர் லிங்கன் பர்லிங்கேமை ஆஸ்திரியாவுக்குத் தூதராக்கினார். ஹங்கேரி விடுதலையை ஆதரித்தவர் என்பதால் ஆஸ்திரிய அரசு ஏற்கவில்லை; சீனாவுக்கான தூதராகப் பீக்கிங் போனார். சீனாவைப் பீரங்கியால் மிரட்டாமல் சமமாக நடத்த வேண்டும் என்று வாதாடினார். 1867-ல் அவர் விடைபெறும் வேளையில், சீன அரசே தன் தூதராகும்படி கேட்டுக்கொண்டது!

மறு ஆண்டு வாஷிங்டனில் சொந்த நாட்டுடனேயே சீனாவின் சார்பில் ஒப்பந்தம் போட்டார். சீனர்கள் தடையின்றி வந்துபோகும் உரிமை அதில் இருந்தது. 1870-ல், 49 வயதில், சீனத் தூதராகச் சென்றிருந்த ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிமோனியா அவரைக் கொண்டுபோனது. ஆனால் 1882-ல் சீனத் தொழிலாளர்கள் நுழையவே தடை விதித்தது அமெரிக்கா. பெரிய அநியாயம் அது.